கோழிக்கு லீவு குடுத்தவ

கோழிக்கு லீவு குடுத்த மனுசி இந்த ஒலகத்துலயே ஒருத்தி தான். அவ எங்க லயத்துல, ஒரே வரிசையில எனக்கு அடுத்த காம்பராவுல இருந்தா. இன்னொருத்தி எங்கயோ இருக்கான்னு நீங்க சொன்னா நான் நம்ப மாட்டேன். அப்பிடி ரெண்டு பேரை ஒலகம் தாங்காது. ஒருத்தியைத் தாங்குறதுக்கே நான் பட்ட பாடு எனக்குத் தான் தெரியும்.

அவளுக்கு அப்பன் ஆத்தா வச்ச பேரு ஒன்னு இருந்திருக்கும். தோட்டத்துச் சம்பளப் புத்தகம், செக்ரோல்ல எழுதியிருப்பாங்க. எனக்கு எழுத்து வாசனையே கெடையாது, நான் எங்க போய்ப் பாக்குறது. கேகாலைப் பக்கம் எங்க ரப்பர் தோட்டத்துல கங்காணியிலேருந்து தவழுற புள்ள வரைக்கும் அவளை ‘ரெஸ்ட்டு’ன்னு தான் கூப்புடுவாங்க. அவளும் ‘என்னா’ன்னு திரும்பிப் பாப்பா. கோவமே வராது. அதுவே எனக்குப் பிடிக்காது. ஒருத்திக்குப் பட்டப்பேரு வச்சா அவ கோவப்படணும். அப்பத் தானே வச்சதுக்கு ஒரு ருசி இருக்கும்.

ஆளு, ஈர்க்குச்சிக்குச் சேலை சுத்தின மாதிரி இருப்பா. புருசன் போய் ரொம்ப நாளாச்சு. ஒரே மகன் பெல்மதுளையில ஒரு கடையில வேலை. அரசாங்கத்துத் தோட்டத்தைக் கொம்பனிக்குக் குடுத்தாங்களே, அந்தக் காலத்துல தான் அவ எங்க டிவிசனுக்கு வந்தா. வந்த அன்னைக்கே அடுப்பு பத்த வைக்க என்கிட்ட நெருப்பு கேட்டா. நான் குடுத்தேன். அதுக்கப்புறம் அவ எனக்கு வச்ச நெருப்பு தான் இன்னி வரைக்கும் வயித்துல எரியுது. பொறாமை தாங்க. வேற என்னா.

பேரு எப்பிடி வந்துச்சுன்னு சொல்லிர்றேன், இல்லாட்டி மறந்துருவேன். பால் மரத்தை நாங்க தினம் வெட்ட மாட்டோம். இன்னிக்கு ஒரு மரத்தை வெட்டினா நாளைக்கு அதை விட்டுருவோம். ஆசைப்பட்டு விடாம வெட்டினா பட்டை வறண்டு போயிரும், கத்தி வச்சாலும் மரத்துல கட்டின செரட்டையில பால் சொட்டு விழாது. அப்பிடி வறண்ட மரத்துக்குக் கங்காணி செவப்புப் பெயின்ட்டுல ஒரு வளையம் போட்டு விட்டுருவாரு. அதை யாரும் தொடக் கூடாது. மரம் ரெஸ்ட்டுல இருக்கு. இது தோட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச சங்கதி தான். நாங்கெல்லாம் அதை மரத்தோட விட்டுட்டு வீட்டுக்கு வந்துருவோம். இவ மட்டும் அதைத் தலையில தூக்கிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டா.

ஒரு நாள் லயத்துப் பீலிக் குழாயில தண்ணி பிடிச்சிக்கிட்டு வாறேன், அவ கோழிங்க கால்ல செவப்புச் சேலைத் துண்டு கட்டியிருக்கு. நாலஞ்சு கோழி. எல்லாம் மகாராணிங்க மாதிரி படுத்துக்கெடக்கு.

“என்னா மதினி, கோழிக்குக் கல்யாணமா?”ன்னேன்.

“இல்ல மதினி. முட்டை போட்டுப் போட்டு ஓஞ்சு போச்சுங்க. ரெஸ்ட்டுல விட்டிருக்கேன்.”

“ரெஸ்ட்டுன்னா கோழிக்குத் தெரியுமா?”

“மரத்துக்குத் தெரிஞ்சா வளையம் போடுறோம்?”

இப்பிடித் தான் பேசுவா. குடத்தைத் தூக்கிக்கிட்டு உள்ள போயிட்டேன். பதில் என்னமோ சாயங்காலம் சோறு ஆக்குறப்ப வந்துச்சு. அப்ப போய்ச் சொல்ல முடியுமா.

கோழி அடைக்கு உக்காந்தா நாங்க என்னா செய்வோம்? பிடிச்சுத் தண்ணியில முக்கி எடுப்போம். மூக்குல ஒரு எறகைச் சொருகி விடுவோம். அது தலையை ஒதறி ஒதறி, அடையை மறந்துட்டுத் திரும்ப முட்டைக்கு வந்துரும். எங்கம்மா செஞ்சது, அவங்க அம்மா செஞ்சது. ரெஸ்ட்டு அப்பிடிச் செய்ய மாட்டா. அடைக்குப் படுத்த கோழிக்குக் குஞ்சு வேண்டாம்னா, ஓயா ஆத்துலேருந்து வழுவழுன்னு கல்லைப் பொறுக்கிக்கிட்டு வந்து அடியில வச்சு விடுவா. பக்கத்துலயே நொய்யும் தண்ணியும் வச்சிருவா. கோழி கண்ணை மூடிக்கிட்டு அந்தக் கல்லை அடைகாக்கும்.

“விடு மதினி, இன்னும் கொஞ்ச நாள்ல அம்மிக்குட்டி பொரிக்கும்”னேன் நான். பீலிக்கரையே சிரிச்சுச்சு.

“பொரிச்சா ஒனக்கொன்னு தாரேன்”னா.

அதுக்கும் பீலிக்கரை சிரிச்சுச்சு. என் சிரிப்பை விட அவ சிரிப்பு தான் பெருசா கேட்டுச்சு. நான் பானை வெளக்குற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

தோட்டத்துக்கு வெளிய, நாட்டுக் கிராமத்துல இருந்து வெத்தலை விக்க வார சிங்களத்து அம்மா ஒன்னு, கோழிக் கால்ல துணியைப் பாத்துட்டு, “மே மொகத?”, இது என்னான்னு கேட்டிச்சு. ரெஸ்ட்டு மூஞ்சியை ரொம்ப மரியாதையா வச்சுக்கிட்டு, “மெயாட்ட விவேகய் நோனா”ன்னா. இவங்க ரெஸ்ட்டுல இருக்காங்கன்னு அர்த்தம். அந்தம்மா சிரிக்கும்னு நான் பாத்துக்கிட்டு நிக்கிறேன். அது கூடையை எறக்கி வச்சுட்டு அங்கயே உக்காந்து, தன் வீட்டு மாட்டைப் பத்திக் கேக்க ஆரம்பிச்சிருச்சு. கன்னு போட்டதுலேருந்து மாடு எலும்பா தேயுதாம், சாணியில பூச்சியா விழுதாம்.

“ரெண்டு நேரமும் பால் கறக்குறீங்களா? ஒரு நேரத்தை விடுங்க. பாலும் அது ஒடம்புலேருந்து தான் வரணும், பூச்சியைத் தள்ளுற சத்தும் அது ஒடம்புலேருந்து தான் வரணும். ரெண்டுக்கும் ஒரே சட்டி தானே.”

இது தான் அவ வேதம். எதைக் கேட்டாலும் சட்டிக்கு வந்துருவா. ஒடம்புங்கிறது ஒரு சட்டிச் சோறாம். முட்டை, பாலு, குட்டி, எறகு, வளத்தின்னு எல்லாம் அந்த ஒரே சட்டியில கை வைக்குதாம். நோவை அடிக்கிறதுக்கு ஒரு காவக்காரன் உள்ள இருக்கானாம், அவனுக்கும் அதுலேருந்து தான் சோறாம். மத்ததெல்லாம் வழிச்சுத் தின்னுட்டா அவன் பட்டினியாம். “பட்டினி கெடக்குற காவக்காரன் கள்ளனைப் பிடிப்பானா மதினி?”ம்பா.

என்கிட்ட அப்ப வெள்ளையம்மான்னு ஒரு கோழி இருந்துச்சு. அது மாதிரி முட்டை போடுற கோழியை நான் அதுக்கு முந்தியும் பாக்கல, பிந்தியும் பாக்கல. ஒரு சேவல் வேற. அதுக்குப் பேரு தொரை. கொண்டை செம்பரத்தம்பூ மாதிரி. பங்களா தொரை ரவுண்டு வார மாதிரி லயத்தைச் சுத்தி வரும், ஒரு பொட்டையை விடாது. டிவிசன்ல இருக்குற கோழியெல்லாம் அவன் வீட்டு மருமக. ரெஸ்ட்டுகிட்டயும் ஒரு சேவல் இருந்துச்சு. கொண்டை வெளுத்து, நடையில ஒரு மிடுக்கு இல்லாம, யாரையும் தொரத்தாம மூலையில நிக்கும். நான் அதுக்கு, தொரைகிட்ட எடுபிடி நிக்கிற ‘பியோன்’னு பேரு வச்சேன். அந்தப் பேரையும் அவ சந்தோசமா எடுத்துக்கிட்டா. “இந்தா பியோன், வா சாப்புட”ன்னு கூப்புட ஆரம்பிச்சிட்டா.

முட்டை என் வீட்டுல, சேவல் என் வீட்டுல. ஆனா ஆளுங்க போய் உக்கார்றது அவ இஸ்தோப்புத் திண்ணையில. எங்க வீட்டுக்காரரு கூட என் கையால தேத்தண்ணியை வாங்கிக்கிட்டு, அங்க போய் உக்காந்து தான் குடிப்பாரு. திரும்பி வந்து, “ஏன் புள்ள, வெள்ளையம்மாவுக்குக் கொஞ்சம்...”ன்னு ஆரம்பிப்பாரு. “ரெஸ்ட்டு வேணும்னா நீங்க எடுத்துக்கங்க”ம்பேன். எடுத்துக்குவாரு. அந்த மனுசன் அந்தப் பாடத்தை மட்டும் சரியா படிச்சாரு.

இப்பத் தான் விசயத்துக்கு வாறேன். எங்க மூத்தவ செல்வியை ரத்னபுரிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துல கட்டிக் குடுத்திருந்தோம். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குத் தானே வரணும். கூட்டிக்கிட்டு வரப் போனா, சம்மந்தியம்மா வாசல்லயே நின்னுக்கிட்டு, “ரப்பர் காட்டுல கொசுவும் இருட்டும் தானே சம்மந்தி இருக்கு, புள்ளப் பெத்தவளுக்கு என்னத்தைக் குடுப்பீங்க?”ன்னுச்சு. தேயிலைக்காரங்களுக்கு எங்களைக் கண்டா எப்பவும் ஒரு எளப்பம். மலையில ஒசரத்துல இருக்காங்கல்ல, கீழ பாத்தே பழகிட்டாங்க.

எனக்கு ரத்தம் கொதிச்சிருச்சு. “தெனம் முட்டை குடுப்பேன், வெடக்கோழி அடிச்சுக் கொழம்பு வப்பேன். நீங்களே வந்து பாருங்க சம்மந்தி”ன்னுட்டேன்.

சொல்லிட்டு வந்தாச்சு. இனி அந்த வார்த்தை என் கோழிங்க வயித்துல தான் இருக்கு. முட்டையும் வேணும், அடை வச்சுப் பொரிச்சு வெடையும் வேணும். வெள்ளையம்மா போட்ட முட்டையை வேற கோழிக்கு அடை வச்சேன். வெள்ளையம்மா அடைக்குப் படுத்தா, பீலிக்குத் தூக்கிக்கிட்டுப் போய் முக்கினேன். மறுபடி படுத்தா மறுபடி முக்கினேன். அவளும் ஒதறிக்கிட்டு எந்திரிச்சு முட்டை போட்டா.

“மதினி, அவளைக் கொஞ்ச நாள் விடு. மழைக்காலம் வருது, கொசு வரும், சீக்கு வரும்”னா ரெஸ்ட்டு.

“ஒன் கோழி கல்லுக்கு அடைகாக்கட்டும். என் கோழி என் மகளுக்குப் போடட்டும்”னேன்.

மழை பிடிச்சுச்சு. ரப்பர் காட்டு மழைன்னா தெரியும்ல, மரத்துக்குக் கீழ பகல்லயே வெளக்கு வைக்கணும். செரட்டையெல்லாம் தண்ணி நிக்கும், கொசு குடும்பத்தோட குடியிருக்கும். அப்ப ஒரு நாள் பாத்தா, ரெஸ்ட்டு வீட்டு நெலையில வேப்பிலை சொருகியிருக்கு.

எங்க பக்கம் வேப்பமரம் லேசுல கெடைக்காது. கோயிலடியில ஒன்னே ஒன்னு, பூசாரியைக் கேட்டுத் தான் ஒடிக்கணும். அது ஒரு வீட்டு வாசலுக்கு வந்துட்டா வேற அர்த்தமே இல்ல. அம்மை. மகன் பெல்மதுளையிலேருந்து வந்து படுத்திருக்கான் போலன்னு எல்லாரும் நெனச்சோம். ஆத்தா எறங்கியிருக்கிற வீட்டுல போய் யாரு கேப்பா. எங்க வழக்கம் என்னான்னா, ஒரு வீட்டுல அம்மைன்னா லயமே அடங்கிரும். தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது, கருவாடு சுடக் கூடாது, சத்தம் போட்டுச் சண்டை கூட போடக் கூடாது. எங்க லயத்துல சண்டை போடாம இருக்கிறது தாளிக்காம இருக்கிறதை விடக் கஷ்டம். ஆனாலும் இருந்தோம். எல்லா வீட்டுலயும் வெறும் பருப்பும் உப்பும். எங்க வீட்டுக்காரரு தட்டைப் பாத்து, “பாவம் அந்தப் பையன்”னு பெருமூச்சு விடுவாரு. பையனை நெனச்சு விட்டாரா, கடுகை நெனச்சு விட்டாரான்னு எனக்குச் சந்தேகம் தான்.

பூசாரி திருநீறு எடுத்துக்கிட்டு வந்தாரு. நாங்கெல்லாம் பின்னால பயபக்தியா நிக்கிறோம்.

“புள்ள எங்கம்மா?”ன்னாரு.

ரெஸ்ட்டு ஒரு பாயைக் காட்டினா. பாய் மேல வேப்பிலை, வேப்பிலை மேல ஒரு கூடை. கூடையைத் தூக்கினா. உள்ள ஒரு கோழி. கொண்டையெல்லாம் முத்து முத்தா போட்டிருக்கு, கண்ணை மூடிக்கிட்டு கெடக்கு. கால்ல செவப்புத் துணி.

பூசாரி எங்களைத் திரும்பிப் பாத்தாரு, கோழியைப் பாத்தாரு. அப்புறம், “ஆத்தா யாரு மேல எறங்கினாலும் ஆத்தா தான்”னு சொல்லிட்டு, அந்தக் கொண்டையில பயந்து பயந்து ஒரு பொட்டுத் திருநீறு வச்சாரு.

அன்னிக்குச் சாயங்காலம் எங்க லயத்துல எல்லா அடுப்புலயும் ஒரே நேரத்துல கடுகு வெடிச்சுச்சு. தீவாளி மாதிரி இருந்துச்சு.

நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே, இடுப்பு பிடிச்சுக்கிச்சு. ஆனா நான் சிரிச்சு முடிக்கல, அதுக்குள்ள அந்த அம்மை என் கூட்டுக்கு வந்துருச்சு.

அவ கோழிங்களுக்கும் வந்துச்சுதான். முத்து போட்டுச்சு, மொடங்குச்சு, மஞ்சளும் வேப்பிலையும் அரைச்சுத் தடவினா, எந்திரிச்சு மேயப் போயிருச்சு. என்னது அப்பிடி இல்ல. முட்டையில இருந்ததுங்க தான் மொதல்ல விழுந்துச்சு. வெடைங்க வளத்தியில இருந்தது, அதுங்க நிக்க மாட்டாம சாஞ்சுச்சு. தொரை இருக்கானே, கொண்டை பெருசா இருந்ததால முத்துக்கும் எடம் பெருசா கெடைச்சுச்சு. கண்ணு மூடிப்போச்சு. கண்ணு தெரியாமலே ஒரு பொட்டை சத்தம் கேட்டா எந்திரிக்கப் பாப்பான்.

ரெஸ்ட்டு வந்து பாத்துட்டுச் சொன்னா. “கொண்டையைச் செவப்பா வச்சிக்கிறதுக்கும், ஊரைக் கூட்டிக் கூவுறதுக்கும், பொட்டை பின்னால ஓடுறதுக்குமே இவன் சட்டி காலி மதினி.”

“செத்துக்கிட்டு இருக்குறவனைப் பேசாத”ன்னேன்.

தொரை போயிட்டான். மரத்தடியில பொதைச்சோம். மிஞ்சின என் பொட்டைங்க ஒரு வாரம் துக்கம் காத்துச்சுங்களான்னா, இல்ல. நேரா பியோன்கிட்ட போயிருச்சுங்க. அவன் அப்பவும் மூலையில தான் நின்னான். இப்ப மூலையைச் சுத்திக் கூட்டம்.

வெள்ளையம்மா மட்டும் முத்தோடயும் நடமாடினா. ஒரு நாள் காலையில கூட்டுக்குள்ள கையை விட்டா ஒரு முட்டை. எனக்குப் பெருமை தாங்கல. ரெஸ்ட்டைக் கூப்புட்டுக் காட்டினேன். “பாத்தியா, சீக்குலயும் வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு வந்துட்டா என் புள்ள.”

அவ அதை வாங்கி உள்ளங்கையில வச்சா. ஓடு இல்ல, வெறும் தோல்முட்டை. கொழகொழன்னு கை அசையிற பக்கமெல்லாம் சாஞ்சுச்சு.

“ஓடு போடக் கூட அவகிட்ட ஒன்னும் இல்ல மதினி”ன்னா. அவ கண்ணு நெறைஞ்சிருச்சு. என் கோழிக்கு நான் அழணுமா, இவ அழணுமா? அதுலயும் முந்திக்கிட்டா.

மத்தியானம் வெள்ளையம்மா சாஞ்சுட்டா. தீனியைத் தொடல. செல்விக்கு நாள் நெருங்கிருச்சு, மத்ததுங்களும் ஒன்னு ஒன்னா செத்து, கூட்டுல வேற ஒன்னும் மிஞ்சல. இவளும் போனா சம்மந்தி வந்து என் மூஞ்சியைப் பாத்துச் சிரிக்கிறது தான் பாக்கி. நான் மடியில போட்டுக்கிட்டு, சோத்தை உருட்டி உருட்டி வாயைப் பிளந்து திணிக்கிறேன். ரெஸ்ட்டு என் கையைப் பிடிச்சா.

“திணிக்காத. அது வேணும்னு தான் பசியை அணைச்சு வச்சிருக்கு.”

“தின்னாத் தானே தெம்பு வரும்?”

“வீட்டுக்குள்ள கள்ளன் பூந்து சண்டை நடக்கிறப்ப, எவளாச்சும் ஒலை வச்சிக்கிட்டு உக்காந்திருப்பாளா? பசி எடுத்தா மேயப் போகணும். சீரணிக்கணும். எல்லா ஆளும் அங்க போயிட்டா காவக்காரனுக்குக் கை குடுக்க யாரு இருக்கா? தண்ணியை மட்டும் காட்டு. இருட்டுல சூடா படுக்கப் போடு.”

இடுப்புலேருந்து செவப்புத் துணியை எடுத்தா. என் வீட்டுக் கோழிக்கு அந்தத் துணி ஏறினா லயம் என்னா பேசும்னு எனக்குத் தெரியாதா? “கட்டு”ன்னேன். மகளுக்காகத் தான் கட்டச் சொன்னேன்.

வெள்ளையம்மா ரெஸ்ட்டு வீட்டு இருட்டு மூலையில, கூடைக்கு அடியில கெடந்தா. நான் போய்ப் போய்ப் பாப்பேன். “வந்து வந்து எழுப்பாத மதினி”ம்பா. என் கோழியைப் பாக்க நான் அவகிட்ட உத்தரவு கேட்டுக்கிட்டு நின்னேன். ஒரு நாள் போறப்ப, வெள்ளையம்மா எந்திரிச்சு ரெஸ்ட்டு உள்ளங்கையில நொய் கொத்திக்கிட்டு நிக்கிறா. உசுரு வந்துருச்சுன்னு சந்தோசம். அவ கையில கொத்துறாளேன்னு வயித்தெரிச்சல். ரெண்டும் ஒன்னா வந்தா மனுசி எப்பிடிச் சிரிக்கிறதுன்னு எனக்கு அன்னிக்குத் தெரிஞ்சுச்சு. பொழைச்சதுக்கப்புறமும் பொழுது சாஞ்சா ரெஸ்ட்டு காம்பராவுல தான் அடைவா. முட்டை மட்டும் போடல. முட்டையை மறந்தே போயிட்டா.

கேகாலை ஆஸ்பத்திரியில செல்விக்குப் பொட்டப்புள்ள பொறந்து வீட்டுக்கு வந்தாச்சு. சம்மந்தியம்மா பையைத் தூக்கிக்கிட்டு வந்து எறங்கிருச்சு. வந்ததும் புள்ளையைப் பாக்கல, என் கோழிக்கூட்டை எட்டிப் பாத்துச்சு. உள்ள ஒரு எறகு கெடக்கு.

“என்னா சம்மந்தி, கோழியெல்லாம் மேயப் போயிருக்கா?”ன்னுச்சு.

அந்த நேரம் பாத்து ரெஸ்ட்டு வாறா, ஒரு கையில கூடை நெறைய முட்டை, இன்னொரு கையில கால் கட்டின வெடக்கோழி. அவ கோழிங்க சீக்கு தீந்து, இருந்து இருந்து, அந்த வாரம் தான் ஒன்னு பின்னால ஒன்னா முட்டைக்கு வந்திருந்துச்சு. ஒவ்வொன்னா துணியை அவுத்து விட்டிருந்தா.

“என்னா மதினி, ஒங்க முட்டையை என் வீட்டுல வச்சுட்டு மறந்துட்டீங்களே”ன்னா, எனக்கு அன்னிக்கு மட்டும் ‘ங்க’ போட்டு. சம்மந்திகிட்டத் திரும்பி, “மழைக்கு இவங்க கூடு ஒழுகுதுங்க. அதான் இவங்க கோழியெல்லாம் என் பக்கம் அடைச்சிருக்கு. இவங்க கை பட்டா எல்லாம் நல்லா வளருதுங்க.”

சம்மந்தியம்மா கூடையை வாங்கி முட்டையை எண்ண ஆரம்பிச்சிருச்சு. நான் என்னா செய்யணும்? அவ கையைப் பிடிச்சுக்கணும். அதுக்குப் பதிலா உள்ளுக்குள்ள எரிஞ்சேன். கோழியும் அவகிட்ட, முட்டையும் அவகிட்ட, சரி. பெரிய மனசு ஒன்னு இருக்கே, அதையாச்சும் எனக்கு விட்டு வச்சிருக்கலாம்ல? அதையும் அவளே எடுத்துக்கிட்டா எனக்குன்னு என்னா மிஞ்சும்? சாயங்காலம் பாத்தா, சம்மந்தியம்மாவும் தேத்தண்ணிக் கோப்பையோட அவ இஸ்தோப்புல உக்காந்திருக்கு. தேயிலைக்காரங்க வீட்டு ஆட்டைப் பத்தி யோசனை கேட்டுக்கிட்டு இருக்கு.

சம்மந்தி போனதுக்கப்புறம் வேலையெல்லாம் என் தலையில. விடியக்காலையில எந்திரிச்சு செல்விக்கு வெந்நி, மருந்துச் சோறு, அப்புறம் பெரட்டு, பால் வெட்டு, வந்து புள்ளத் துணி அலசப் பீலி. ஒரு நாள் எந்திரிக்கிறேன், ஒடம்பு அனலா கொதிக்குது. எலும்பெல்லாம் வலி. அதுக்காக நின்னுற முடியுமா? தலைச்சீலையைக் கட்டிக்கிட்டு, கத்தியும் வாளியுமா பெரட்டுக்களத்துல போய் நின்னேன். நிக்கிறேன்னு நான் நெனச்சேன், ஆடிக்கிட்டு இருந்திருக்கேன்.

திடீர்னு யாரோ என் காலைப் பிடிக்கிறாங்க. அட்டை கடிச்சிருச்சு போல, யாரோ எடுத்து விடுறாங்கன்னு நெனச்சேன். குனிஞ்சு பாத்தா ரெஸ்ட்டு. என் கணுக்கால்ல செவப்புத் துணியைச் சுத்தி முடிச்சுப் போடுறா.

“என்னடி செய்யிற?”ன்னேன். மதினியெல்லாம் மறந்து போச்சு.

கங்காணி வந்துட்டாரு. “என்னா இது?”

ரெஸ்ட்டு எந்திரிச்சு முந்தானையை ஒதறிக்கிட்டு, “பட்டை வறண்டுருச்சுங்க ஐயா. இந்த மரத்தை வெட்டக் கூடாது”ன்னா.

பெரட்டுக்களமே சிரிச்சுச்சு. கங்காணி சிரிக்கக் கூடாதுன்னு மீசையைக் கடிச்சுப் பாத்தாரு, முடியல. “போ, போய்ப் படு. வளையம் போட்டாச்சுன்னா நான் என்னா செய்யிறது”ன்னுட்டாரு.

போய்ப் படுத்தேன். எங்க வீட்டுக்காரரு ரொட்டியும் சம்பலும் தட்டுல வச்சுக்கிட்டு, “தின்னு, தின்னு”ன்னு தலைமாட்டுல நிக்கிறாரு. ரெஸ்ட்டு, “விடுங்கண்ணே, உள்ள சண்டை நடக்குது. தண்ணி மட்டும் குடுங்க”ன்னா. அந்தக் காய்ச்சல்லயும் எனக்கு வெளங்குச்சு, வெள்ளையம்மாவுக்குச் சொன்ன அதே வார்த்தை. தன் மரத்தோட என் மரத்தையும் அவளே வெட்டினா. வந்து செல்விக்குச் சோறாக்கினா. பேத்தி என் கையில கத்தினது அவ கையில போனா அடங்கிரும். நான் படுத்த எடத்துலேருந்து அதையெல்லாம் பாத்துக்கிட்டு, காய்ச்சல் பாதி, பொறாமை பாதியா வெந்துக்கிட்டு கெடந்தேன். கடைசியில ஒரு காலையில கண்ணு முழிச்சா, பக்கத்துக் காம்பராவுல யாரோ தாளிக்கிற வாசனை. எனக்கு வாயில எச்சி ஊறுச்சு.

“பசிக்குது”ன்னேன்.

“சண்டை முடிஞ்சிருச்சு”ன்னா ரெஸ்ட்டு. கஞ்சி தயாரா வச்சிருந்தா.

“துணியை அவுத்து விடு”ன்னேன்.

“இரு மதினி, இன்னும் கொஞ்ச நாள் கெடக்கட்டும்.”

அப்பிடிச் சொல்லிச் சொல்லியே தள்ளிக்கிட்டு வந்தா. அதுக்குள்ள மகனுக்குக் கல்யாணம் ஆகி, அவளைப் பெல்மதுளைக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். பஸ் ஏறுற அன்னிக்கு எல்லாக் கோழிக்கும் துணியை அவுத்து, கூண்டோட என்கிட்ட விட்டுட்டுப் போனா. பியோனை மட்டும் கூடையில போட்டு மடியில வச்சுக்கிட்டா. வெள்ளையம்மா அதுக்கப்புறம் என் வீட்டுல தான் அடைஞ்சா, முட்டையும் போட்டா. கொஞ்சமா போட்டா, ரொம்ப நாள் போட்டா. அவ அடைக்குப் படுத்தப்ப நான் ஓயாவுக்குப் போய்க் கல்லு பொறுக்குனேன். யாரும் பாக்காத நேரமா பாத்துத் தான் போனேன். என் கால்த் துணியை அவுக்க அவளுக்கும் ஞாபகம் வரல, எனக்கும் வரல. அது பாட்டுக்கு வெளுத்து, நூலா இத்துப் போற வரைக்கும் கெடந்துச்சு.

போன மாசம் செல்வி வந்திருந்தா. பெல்மதுளை பஸ் ஸ்டாண்டுல ரெஸ்ட்டைக் கண்டாளாம். நல்லா இருக்காளாம், அங்கயும் இஸ்தோப்பு நெறைய ஆளுங்களாம். “பக்கத்து வீட்டுப் பொம்பளைக்குக் காய்ச்சலாம்மா, அவங்க கால்லயும் செவப்புத் துணி கட்டி விட்டிருக்காங்க”ன்னு சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா.

அதைக் கேட்டதுலேருந்து எனக்கு ஒரு வாய்ச் சோறு எறங்கல. கோழிக்குக் கட்டட்டும், ஆட்டுக்குக் கட்டட்டும், நான் ஒன்னும் சொல்ல மாட்டேன். மனுசங்கள்ல அவ அதை எனக்கு மட்டும் தான் கட்டினான்னு, இத்தனை வருசமா நான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்.